தொட்டியின் அடியில் நின்ற உப்பு

நல்ல கல்லுப்பை மண்வெட்டியால் அள்ளி வெளியே கொட்டச் சொல்லி, அதைச் சிக்கனம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்ட வேதியியல் முதுகலைப் பட்டதாரி இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கல்லூரியில் கரைதிறன் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அதன் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது. அந்தப் படிப்பால் முழுப் பயன் அடைந்த ஜீவன் அது ஒன்றுதான்.

நம் மீன் பதனிடும் பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு பெற்றவன் நான். விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். உப்புநீர் தயாரிக்கும் முறையெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை எழுதியவனும் நான்தான் என்பதால், படிக்கும்போது கொஞ்சம் சந்தேகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் எழுத முடியாத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பழவேற்காட்டில் படகு ஏறி, பசியாவரத்தைத் தாண்டிப் போனால் ஏரிக்குள் ஒரு குப்பம் வரும். அங்கே மழைக்காலத்தில் மீன் கிடைத்தாலும் சங்கடம், கிடைக்காவிட்டாலும் சங்கடம். வெயில் இல்லாமல் கருவாடு போட முடியாது. ஐஸ் கிடைக்காத நாளில், கரையில் நிற்கும் வியாபாரி சொல்வதுதான் விலை. இதற்கு ஒரு வழியாக, பதினோரு பெண்கள் கொண்ட குழுவுக்கு அரசாங்கம் ஒரு கொட்டகையும் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளும் கட்டித் தந்தது. மீனைப் பிளந்து கழுவிக் கெட்டியான உப்புநீரில் போட்டு வைத்தால், வெயில் வரும்வரை மீன் பொறுமையாகக் காத்திருக்கும்.

ஒரு நிபந்தனை இருந்தது. முதல் முறை போடும் மீனை ஆய்வாளர் வந்து பார்ப்பார். தேறினால் கொட்டகை குழுவுக்குச் சொந்தம் மாதிரி. தேறாவிட்டால் வலையும் இன்ஜினும் வைத்துக்கொள்ள ஊர்ப் படகுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்கான மனு ஏற்கெனவே போயிருந்தது.

குழுத் தலைவி தேசம்மா. நாற்பது வயதிருக்கும். கொட்டகைக்காக இரண்டு வருடம் பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர். "அந்த மனுவுல மொத கையெழுத்து யாருதுன்னு நெனைக்கறீங்க? எங்க வூட்டுக்காரருதுதான் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை நான் போய்ப் பயிற்சியை ஆரம்பித்தேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு ஸ்பூன் உப்புப் போட்டுக் கலக்கினேன். கரைந்தது. இன்னொன்று. அதுவும் கரைந்தது. நமக்கு இதெல்லாம் ஒரு நாடகம். "எந்த ஸ்பூனில் தண்ணீர் போதும் என்று சொல்லும்? யார் சரியாகச் சொல்கிறீர்கள் பார்ப்போம்" என்றேன்.

"இன்னா சார், பாயசமா கிண்டறீங்க?" என்றாள் மகேஸ்வரி. குழுவில் இளையவள், நாக்கில் மூத்தவள். "எத்தினி ஸ்பூனுன்னு சொல்லிட்டீங்கன்னா நாங்களே போட்டுட்டு வூட்டப் பாக்கப் போயிடுவோம்ல. அடுப்புல சோறு கீது."

கடைசியில் உப்பு கரையாமல் டம்ளரின் அடியில் நின்றது. பாடப்புத்தகம் இதைத் தெவிட்டிய கரைசல் என்று சொல்லும் என்றேன். பொன்னேரி ஷேர் ஆட்டோவை உதாரணம் காட்ட நினைத்தேன். ஆனால் ஷேர் ஆட்டோ தெவிட்டியதாகச் சரித்திரத்தில் இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

பிறகு தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிக் கலக்கினோம். செவ்வாய்க்கிழமை காலை, உப்புநீரின் கெட்டியைக் காட்டும் மிதவைமானியை விட்டுப் பார்த்தேன். எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டுமோ அவ்வளவு கெட்டி. அடியில் நாலு விரல் கனத்துக்குக் கரையாத உப்பு, களிமண் கலந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. தெளிந்த உப்புநீர், அதன் வழியே பளிச்சென்று தெரியும் சிமெண்டுத் தரை, பக்கத்தில் நான். புகைப்படத்துக்கு இதுதான் என் கற்பனை.

"அடியில் இருப்பதை அள்ளி வெளியே போடுங்கள்" என்றேன்.

"அது கெடக்கட்டுமே சார்" என்றார் தேசம்மா. "வூட்டுல பானைல போட்டாலும் அடியில கொஞ்சம் நிக்கும்."

"நின்று என்னம்மா பிரயோஜனம்? இந்தத் தண்ணீர் இனி ஒரு கல் உப்பைக்கூட வாங்காது. கரையாத உப்பு வேலை செய்யாத உப்பு. அடுத்த முறைக்கு ஆகும், எடுத்து வையுங்கள்."

"நீங்க படிச்சவரு" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

அந்த ஊர்ப் பக்கம் யாராவது உங்களைப் பார்த்து 'நீங்க படிச்சவரு' என்று சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. அள்ளிய உப்பைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாய் விரித்துக் குவித்தார்கள். நான் பதிவேட்டில் 'உப்புச் சிக்கனம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

புதன்கிழமை தேசம்மா போனில் பேசினார். ஏரியில் மடவை மீன் நன்றாகப் பட்டிருக்கிறது, பிளந்து கழுவி இரண்டு தொட்டியிலும் நிரப்பிவிட்டோம் என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். வியாழக்கிழமை மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை வாடைக்காற்றில் நனைந்து நடுங்கிக்கொண்டு போய் இறங்கினேன். படகுக்காரர் படகை இழுத்துக் கட்டிவிட்டு, "இனிமே காத்து அடங்குனாதான் சார் அந்தாண்ட போறது" என்றார். ஆய்வாளர் வருவது திங்கட்கிழமை.

தொட்டியின் மூடியைத் தூக்கியதும் மூக்குக்கு முதலில் தெரிந்துவிட்டது. மீன் கெடவில்லை. கெடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தொட்டால் கொஞ்சம் வழவழப்பு. செவ்வாய்க்கிழமை கழுத்து நிமிர்ந்து நின்ற மிதவைமானி இப்போது கழுத்தளவு முங்கிப் போனது. இரண்டாவது தொட்டியிலும் அதே கதை. எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் நிரம்பினால் தண்ணீர் இதுவரை வரும் என்று செவ்வாய்க்கிழமை நான் போட்டுவைத்த கோட்டையும் தாண்டித் தண்ணீர் ஏறியிருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நெருக்கடியில் மூளை முதலில் தேடுவது காரணத்தை அல்ல, ஆளை. கொட்டகைக்குக் கூரை உண்டு, தொட்டிக்கு மூடி உண்டு, மழை உள்ளே வரவில்லை. தண்ணீர் ஏறியிருக்கிறது. அப்படியென்றால்?

"தண்ணீர் ஊற்றியது யார்?" என்று கேட்டேன்.



"சாமி சத்தியமா யாரும் ஊத்தல சார்" என்றாள் மகேஸ்வரி.

"யாரோ ஊற்றியிருக்கிறார்கள். கோடு பொய் சொல்லாது."

தேசம்மாவின் முகம் மெல்ல மாறியது. "சாவி எங்க வூட்டு ஆணியிலதான் தொங்குது" என்றார். "மனுவும் குடுத்துட்டு, தண்ணியும் ஊத்திட்டானா?" புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடந்தார். வீட்டுத் திசை. பின்னாலேயே இரண்டு பேர், தடுக்கவா துணைக்கா என்று தெரியவில்லை.

என் வாயில் வந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தைப் பிரிக்கக் கிளம்பிவிட்டது.  ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு மடவையைக் கையில் எடுத்தேன். புதன்கிழமை தேசம்மா போனில் அனுப்பிய படத்தில் கொழுகொழுவென்று இருந்த மீன். இப்போது ஓரம் சுருங்கி, சதை மெலிந்து, தட்டையாகக் கிடந்தது. அதனுள் இருந்த தண்ணீர் எங்கே?

எங்கே போகும். தொட்டியில்தான் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வகத்தில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். தெவிட்டிய கரைசல் தயார் செய்து பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தால், மேலே ஒட்டிய சீட்டைப் பார்க்கவே மாட்டார். பாட்டிலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். "அடியில இருக்கா?" என்று ஒரே கேள்வி. அடியில் கரையாத படிகம் இருந்தால் தலையை ஆட்டுவார், இல்லாவிட்டால் திருப்பித் தள்ளுவார். மனிதருக்கு ஏதோ கிறுக்கு என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அடியில் உப்பு கிடக்கும்வரைதான் மேலே இருக்கும் நீர் தெவிட்டிய நீர். எங்கிருந்தாவது நாலு சொட்டுத் தண்ணீர் புதிதாக வந்தால், அதற்கும் கொடுக்க அடியில் இருப்பு வேண்டும். இது எனக்குத் தெரியும். கால் நூற்றாண்டாகப் பாட்டிலில் தெரியும். பாட்டில் தொட்டியானதும் மறந்துவிட்டது. உப்பு மீனிலிருந்து தண்ணீரை இழுக்கும் என்பது நான் நடத்தும் இரண்டாவது பாடம். தெவிட்டிய கரைசல் முதல் பாடம். இரண்டும் ஒரே தொட்டியில் சந்திக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஓடினேன். ஈர மணலில், என் வலிக்கும் முழங்காலை வைத்துக்கொண்டு, கையில் ஒரு மடவையோடு.

"தேசம்மா! நில்லுங்கம்மா! தண்ணி ஊத்துனது மீனு!"

வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் தேசம்மாவின் கணவராகவும் இருக்கலாம். தேசம்மா நின்றார்.

"இன்னா சார் சொல்றீங்க?"

மூச்சு வாங்கியது. "உப்பு பட்டதும் மீன் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர்தான் தொட்டியில் ஏறியிருக்கிறது. அதற்கு வேண்டிய உப்பு அடியில் இருந்தது. அதை அள்ளச் சொன்னது நான். தப்பு என்னுடையது. யாரும் எதுவும் ஊற்றவில்லை."

தேசம்மா என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்குத்தான் அடியில நிக்குமா? எங்களுக்கும் ஏன்னு தெரியாது சார். எப்பவும் நிக்கும், அவ்ளோதான்" என்றார். பிறகு தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். "சரி, இப்ப இன்னா பண்ணணும்? அத்தச் சொல்லுங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். உப்பு போட வேண்டும், நிறைய, உடனே. கொட்டகைக்குப் பின்னால் போனோம். பாய் இருந்தது. அதன் மேல் கொஞ்சம் சாம்பல் நிறக் களிமண் இருந்தது. உப்பு இல்லை. வியாழக்கிழமை மழை மொத்தத்தையும் கரைத்து ஏரிக்கு அனுப்பியிருந்தது.

"சார், உங்க பாடம் இங்கயும் நடந்துகீது" என்றாள் மகேஸ்வரி.

பழவேற்காடு கடைத்தெருவில் மூட்டை மூட்டையாக உப்பு இருக்கிறது. நடுவில் காற்று. குப்பத்தில் ஒரே பெட்டிக்கடை. அங்கே ஆறு பாக்கெட் தூள் உப்பு இருந்தது. அந்தத் தொட்டிக்கு ஆறு பாக்கெட் என்பது ஏரிக்குள் துப்புவது மாதிரி. "வீட்டுக்கு வீடு கல்லுப்பு இருக்குமே, கொண்டுவாருங்கள். திங்கட்கிழமை நான் மூட்டையாகத் திருப்பித் தருகிறேன்" என்றேன்.



"இன்னிக்கு வெள்ளிக்கெழம சார்" என்றார் தேசம்மா தயங்கி. "வெள்ளிக்கெழம வூட்டுல இருந்து உப்பு வெளிய குடுக்க மாட்டோம். மகாலச்சுமி போயிடும்."

நான் உடனே ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தேன். சோடியம், குளோரின், கிழமை எதுவும் அறியாத அயனிகள். நல்ல சொற்பொழிவு. எத்தனையோ கூட்டங்களில் கைதட்டு வாங்கியது. பதினோரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். பாதியில் எனக்கே கேட்டது: இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இவர்களைத் தண்ணீர் ஊற்றியதாகக் குற்றம் சாட்டியதும் இதே குரல்தான். நிறுத்தினேன்.

"சரிம்மா. கொடுக்க முடியாது. வேறு எப்படி இந்தத் தொட்டிக்கு உப்பு வரும்? நீங்களே சொல்லுங்கள்."

கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. ஒருத்தர் நாளை காலை போடலாம் என்றார். மீன் நாளைவரை தாங்காது என்று தேசம்மாவே சொன்னார். அப்போது மகேஸ்வரி, "ஏங்க்கா, கங்கையம்மனுக்குக் கூழ் ஊத்தறப்ப வெள்ளிக்கெழம வந்துச்சுன்னா அண்டாவுல உப்பு போடறதில்ல? அவங்கவங்க வூட்டு உப்புதான? அது இன்னா குடுக்கறதா?" என்றாள்.

"அது அம்மனுக்குடி" என்றார் ஒருத்தர்.

"அண்டா பொதுதான? இதுவும் பொதுதான? இதுல எனக்குப் பங்கு கீதா இல்லியா? எம் மீனுக்கு நான் உப்பு போடறேன். யாருக்குக் குடுக்கறேன்?"

விவாதம் சூடாக நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் செய்த மிகச் சரியான காரியங்களில் அதுவும் ஒன்று. முடிவில் விதிகள் வகுக்கப்பட்டன. ஒருத்தர் உப்பை இன்னொருத்தர் கையில் வாங்கக் கூடாது. அவரவர் ஜாடியிலிருந்து அவரவர் கையால் நேராகத் தொட்டியில் போட வேண்டும். முக்கியமாக, சார் தொடக் கூடாது. எடைபோடவும் கூடாது, ஏனென்றால் தராசில் வைத்தால் அது வியாபாரம்.

இப்படியாக, என் தராசு, என் அட்டவணை, என் கணக்கு எல்லாம் ஓரமாக உட்கார்ந்தன. பெண்கள் ஜாடியும் பானையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். குழுவில் இல்லாத வீடுகளிலிருந்தும் வந்தார்கள். அண்டா பொது என்று ஆனபின் யார் சும்மா இருப்பார்கள்? தேசம்மாவின் கணவர் வாசலில் வந்து நின்று, "இன்னாமே, தொட்டிக்குத் திருவிழாவா? கொட்டாய எப்போ காலி பண்றீங்க?" என்றார்.

"ஒன் வலைய வூட்டுக்குள்ளயே கட்டித் தொங்கவுடு. போ நைனா, போ" என்றார் தேசம்மா, தலையைத் தூக்காமலே. காலையில் இந்த ஆள் மீது விழப்போன பழி அவருக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது என்று நினைக்கிறேன்.

போடப் போட உப்பு கரைந்துகொண்டே இருந்தது. எப்போது போதும் என்று கணக்கில் சொல்ல என்னிடம் எடை இல்லை. "போதும் என்று எப்படித் தெரியும்?" என்று ஒருத்தர் கேட்டார். "அடியில் நின்றால் போதும்" என்றேன். தேசம்மா மீனை ஒதுக்கிவிட்டுத் தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். இல்லை என்று தலையாட்டினார். இன்னும் நாலு ஜாடி. மறுபடி கை. இல்லை. மத்தியானம் தாண்டி, குப்பத்து ஜாடிகள் எல்லாம் ஏறக்குறைய காலியான பிறகு, இரண்டாவது தொட்டியிலிருந்து கையை எடுத்து விரல்களைத் தேய்த்துக் காட்டினார். கல்கல்லாக உப்பு.

"அடியில நிக்குது சார்."

மிதவைமானி கழுத்தை நிமிர்த்தியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்கள் அடியில் துழாவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். காற்று அடங்கியதும் நான் பழவேற்காட்டுக்குப் போய் உப்பு மூட்டைகளோடு திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை ஆய்வாளர் அம்மையார் வந்தார். மீனை அழுத்திப் பார்த்தார், வெட்டிப் பார்த்தார், முள் ஓரமாக முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பையிலிருந்து கையேட்டை எடுத்தார். நான் எழுதியது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குச் சில மாதம் முன்புதான் அச்சாகி வந்திருந்தது.

"கரையாத உப்பை நீக்கவும் என்று இதில் இருக்கிறதே. இங்கே அடியில் இவ்வளவு கிடக்கிறது. குழு செய்முறையைப் பின்பற்றவில்லை என்று எழுதட்டுமா?"

பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள். தேசம்மா மட்டும் கொட்டகையின் கூரையைப் பார்த்தார்.

நான் ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. கையேடு சரி, பெண்கள் தவறு, கொட்டகை வலைக்கு. எல்லாம் காகிதத்தில் அழகாக முடிந்திருக்கும்.

"குழு செய்தது சரி மேடம். கையேடுதான் தவறு."

"எழுதியவரைக் கேட்க வேண்டுமே. யார் எழுதியது?"

"நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இதை எழுத்தில் தருவீர்களா?"

தந்தேன். கவிழ்த்த மீன் கூடையின் மேல் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து, கரையாத உப்பு ஏன் அடியில் இருக்க வேண்டும் என்று எழுதினேன். கரைதிறன் பற்றி நான் எழுதியவற்றிலேயே அதுதான் சிறந்தது. அடித்தல் திருத்தல் உண்டு, மீன் வாசமும் உண்டு. அம்மையார் சோதனைக்குக் கொஞ்சம் மீன் எடுத்துக்கொண்டு போனார். சில நாளில் முடிவு வந்தது. கொட்டகை குழுவுக்கே. எனக்கும் ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கும் பதில் எழுதினேன். உலகம் முடிந்துவிடவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தெரியாததால் வரும் தவறு நம் வேலையில் குறைவு. தெரிந்ததை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக மறப்பதால் வருவதுதான் அதிகம். கோடு ஏறியிருந்தால், யார் ஊற்றியது என்று கேட்பதற்கு முன்னால் தொட்டிக்குள் இருப்பதை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். தவறு தெரிந்தால் அங்கேயே, அந்த மணலிலேயே, சத்தமாகச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் தேசம்மா வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

முடிவு வந்த அன்று எனக்கு மடவைக் கருவாட்டுக் குழம்போடு சாப்பாடு போட்டார்கள். வெளியே நல்ல வெயில். கொட்டகைக்கு முன்னால் மீன் காய்ந்துகொண்டிருந்தது. மனநிறைவில் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. கரைசல், சமநிலை, மீனுக்கும் உப்புக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்று ஏப்பத்துக்கு நடுவே விளக்கிக்கொண்டிருந்தேன். தேசம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இலையில் இன்னும் ஒரு துண்டு வைத்தபடி கேட்டார்:

"உங்க வூட்டுல கொழம்புக்கு உப்பு யாரு சார் போடுவாங்க?"

"என் மனைவி."

"நெனச்சேன்" என்றார்.